வால்வு மாற்றிய பின் தொடங்கும் கணக்கு



இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் நலமாக வீடு திரும்பினால், அன்றைக்கு அந்த வீட்டிற்குப் பெருநாளின் களை வந்துவிடுகிறது. உற்றாரும் அண்டை வீட்டாரும் திரண்டு வருகின்றனர். நேர்ச்சைகள் நிறைவேற்றப்படுகின்றன. "ஆபரேஷன் வெற்றி, அல்ஹம்துலில்லாஹ், இனிக் கவலையில்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்கின்றனர். இறைவனுக்கு நன்றி செலுத்துவது முறையே. ஆனால் "இனிக் கவலையில்லை" என்னும் அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

செயற்கை வால்வு பொருத்தும் சிகிச்சையைப் பொறுத்தவரை, நோயாளி வீடு திரும்பும் நாள் கணக்கின் முடிவு நாள் அன்று. அதுவே தொடக்க நாள். அந்தச் சிகிச்சை வென்றதா, தோற்றதா என்பதை மருத்துவ உலகம் ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தே தீர்மானிக்கிறது. அத்தனை ஆண்டுகளும் நோயாளி இருப்பது மருத்துவமனையில் அன்று, நம் வீட்டில். ஆகவே இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை வீட்டிலுள்ளோரும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

கதவுகள் நான்கு

நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை ஒரு பக்கம் மட்டுமே செல்லவிட்டு, திரும்பி வராமல் தடுக்கும் கதவுகள் அவை. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் அக்கதவுகள் திறந்து மூடுகின்றன. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல்!

மேலை நாடுகளில் பெரும்பாலும் முதுமையில் வால்வுகள் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால் பழுதடைகின்றன. நம் நாட்டிலோ பிள்ளைப் பருவத்திலேயே கேடு தொடங்கிவிடுகிறது. தொண்டைப் புண்ணாக வரும் ஒருவகைக் கிருமித் தொற்றைக் கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்கு மூட்டுவலியோடு கூடிய ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் நீங்கிவிடும், ஆனால் வால்வில் விட்ட வடு நீங்குவதில்லை. இருபது, முப்பது வயதில் மூச்சிரைப்பாக அது வெளிப்படும். வால்வைச் சீர்செய்ய இயலாத நிலையில் மாற்று வால்வு பொருத்துகின்றனர்.

மாற்று வால்வுகள் இரண்டு வகை. உலோகத்தாலும் கரிமத்தாலும் ஆன இயந்திர வால்வு ஒன்று; பன்றியின் வால்வினாலோ, மாட்டின் இதய உறையினாலோ செய்யப்படும் திசு வால்வு மற்றொன்று. முன்னது நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன்மேல் இரத்தம் உறையக்கூடும் என்பதால், உறைவைத் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுதும் உண்ண வேண்டும். பின்னதற்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அது நாளடைவில் தேய்ந்து பழுதாகும், இளவயதினரிடம் இன்னும் விரைவாக.

ஏணியிலிருந்து விழுந்தவர்

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், ஆல்பர்ட் ஸ்டார் என்னும் இளம் அறுவை மருத்துவர், 52 வயதுடைய லாரி நிறுவன ஊழியர் ஒருவருக்கு இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வை அகற்றிச் செயற்கை வால்வைப் பொருத்தினார். சிறு கூண்டுக்குள் பந்து ஒன்று ஏறி இறங்கும் அந்த வால்வை வடிவமைத்தவர் லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளர். அதற்குச் சில வாரங்கள் முன்பு இதே வால்வைப் பெற்ற முதல் நோயாளி ஒரு நாள்கூட முழுதாக வாழவில்லை. இரண்டாமவரோ பத்தாண்டுகள் வாழ்ந்தார். இறுதியில் தம் வீட்டிற்கு வர்ணம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து மாண்டார்.

இம்மரணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஏணியிலிருந்து விழுந்ததற்கு வால்வு பொறுப்பாகுமா? ஆகாது என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் இன்னொருவர் இரவில் உறங்கச் சென்று காலையில் எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருக்குள் வால்வு அடைபட்டதா, இதயத் துடிப்பு தடுமாறியதா, மூளையில் இரத்தக் கசிவா என்று யாருக்கும் தெரியாது. அதை எங்கே எழுதுவது?

இங்கேதான் குழப்பம் இருந்தது. ஒரு மருத்துவர் அத்தகைய மரணத்தை வால்வின் கணக்கில் எழுதுவார். இன்னொருவர் "தெரியாத காரணம்" என்று ஒதுக்கிவிடுவார். இருவர் தரும் வெற்றி விகிதங்களை ஒப்பிடுவது எப்படி? இதைத் தீர்க்க, அமெரிக்காவின் நெஞ்சக அறுவை மருத்துவர் சங்கங்கள் இரண்டு சேர்ந்து 1988-இல் ஒரு பொது விதியை வகுத்தன. 1996-இலும் 2008-இலும் அதைத் திருத்தின. 2008-இல் ஐரோப்பியச் சங்கமும் உடன் நின்றது. அவ்விதியின்படி, வால்வு பொருத்தியவர் காரணம் தெரியாமல் திடீரென இறந்தால், அது வால்வைச் சார்ந்த மரணமாகவே எழுதப்பட வேண்டும். ஐயம் இருந்தால் அது சிகிச்சைக்கு எதிராகவே எழுதப்படும். தனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளாத கணக்கே நம்பத்தக்க கணக்கு அன்றோ?

கேட்கப்படும் கேள்விகள்

அறுவை நடந்து முப்பது நாளுக்குள்ளும், மருத்துவமனையை விட்டு நீங்கும் முன்பும் நேரும் மரணங்களைத் தனியாக எழுதுகின்றனர். அதன் பின்னர் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஆண்டுதோறும் சில கேள்விகளுக்கு விடை தேடுகின்றனர். வால்வு தானே தேய்ந்ததா, உடைந்ததா? வால்வு நன்றாயிருந்தும் அதன் ஓரத்தில் கசிவு ஏற்பட்டதா? வால்வின்மேல் இரத்தம் உறைந்து அடைத்ததா? உறைந்த துணுக்கு பெயர்ந்து மூளைக்கோ கைகாலுக்கோ சென்றதா? மாத்திரையால் கடும் இரத்தப்போக்கு நேர்ந்ததா? வால்வில் கிருமி தொற்றியதா? இவற்றுள் எதற்காகவேனும் மீண்டும் நெஞ்சைத் திறக்க நேர்ந்ததா?

உயிரோடிருக்கிறார் என்பது மட்டும் போதாது. எப்படி வாழ்கிறார் என்றும் பார்க்கின்றனர். நியூயார்க் இதயச் சங்கம் வகுத்த நான்கு படிகள் இதற்கு அளவுகோல். எந்த வேலை செய்தும் மூச்சிரைக்காதவர் முதற்படி; சும்மா இருக்கும்போதே இரைப்பவர் நான்காம் படி. மூன்றாம் படியிலிருந்த ஒரு தாய், வால்வு மாற்றிய பின் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இயல்பாக நடந்தால், அதுவும் கணக்கில் வரவு வைக்கப்படும்.

ஒருவர் பத்தாண்டு வால்வோடு வாழ்ந்திருப்பார். இன்னொருவர் பத்து மாதமே ஆகியிருப்பார். இருவரையும் ஒரே நிறையில் வைத்து எண்ணுவது நீதியாகாது. ஆதலால் "நோயாளி-ஆண்டு" என்னும் அளவைக் கையாள்கின்றனர். நூறு பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்தால் அது ஐந்நூறு நோயாளி-ஆண்டுகள். அதில் பத்து முறை இரத்தப்போக்கு நேர்ந்திருந்தால், நூறு நோயாளி-ஆண்டுக்கு இரண்டு என்று சொல்வர். இப்படிச் சொன்னால்தான் ஓர் ஊரின் கணக்கையும் மற்றோர் ஊரின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும்.

வராதவர்களின் கணக்கு

இந்தக் கணக்கைக் கெடுக்கும் பெருந்தவறு ஒன்றுண்டு. பரீட்சைக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணி, "எங்கள் பள்ளியில் தொண்ணூற்றைந்து விழுக்காடு தேர்ச்சி" என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன கேட்போம்? "பெயர் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? வராத பிள்ளைகள் எங்கே போனார்கள்?" என்று கேட்கமாட்டோமா?

வால்வுக் கணக்கிலும் அதே கேள்விதான். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: நூறு பேருக்கு வால்வு மாற்றப்பட்டது. ஐந்தாண்டுக்குப் பின் அறுபது பேர் மட்டும் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களில் மூவருக்கு மட்டும் பெருந்தீங்கு நேர்ந்திருந்தது. அறுபதில் மூன்று, ஐந்து விழுக்காடுதான். மிக நல்ல முடிவு! ஆனால் வராத நாற்பது பேரில் பத்துப் பேர் வீட்டிலேயே இறந்துபோயிருந்தால்? உண்மை விகிதம் நூற்றுக்குப் பதின்மூன்று ஆகிவிடும். வராதவர்கள் சுகமாக இருப்பதனால் வராதிருக்கலாம். உயிரோடு இல்லாததனாலும் வராதிருக்கலாம். கேட்டறியாத வரையில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே நேர்மையான ஆய்வறிக்கை, இத்தனை பேரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடும். அதைச் சொல்லாத அறிக்கையை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

நம் குடும்பங்கள் பலவற்றில் இந்த "வராதவர்கள்" இருக்கின்றனர். வளைகுடாவுக்குப் பயணம் போனவர், மணமுடித்து வேறு ஊர் சென்ற பெண், ஒரு நாள் கூலி போய்விடும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்பவர் என யாவரும் அப்பட்டியலில் வருவர்.

காலம் காட்டிக்கொடுத்த குறைகள்

நீண்ட நாள் பின்தொடர்வது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு துயர வரலாறே சான்று. 1979-இல் அமெரிக்காவின் ஷைலி நிறுவனம், பியோர்க்-ஷைலி வால்வின் புதிய வடிவம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரத்தம் உறைவதைக் குறைக்கும் என்று சொல்லப்பட்டது. 1986-இல் திரும்பப் பெறப்படும் வரை உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே தோன்றின. ஆனால் வால்வின் தட்டைப் பிடித்திருந்த மெல்லிய உலோகத் தாங்கி, சிலருக்குச் சில ஆண்டுகளில் பற்றவைத்த இடத்தில் முறிந்தது. தட்டு விலகிப்போக, நோயாளி சில மணி நேரத்தில் மரணத்தின் வாயிலில் நின்றார். அப்படி நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்யப்படாத இடங்களில் அது "மாரடைப்பு" என்றே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

உயிரோடிருந்த ஆயிரமாயிரம் பேர் முன் ஒரு கொடிய கேள்வி எழுந்தது. உடையக்கூடும் என்று அஞ்சி மீண்டும் நெஞ்சைத் திறப்பதா? அந்த அறுவையே உயிரைக் குடிக்கலாமே! இதற்கு வழிகாட்டியவற்றுள் முக்கியமானது நெதர்லாந்து நாட்டின் ஆய்வு. அந்த வால்வைப் பெற்ற 2,303 பேரைத் தேடிக் கண்டறிந்து, சராசரியாக ஆறரை ஆண்டுகளுக்கும் மேல் அவர்களின் நிலையைக் கணக்கெடுத்து 1992-இல் வெளியிட்டனர். நாற்பத்திரண்டு பேருக்குத் தாங்கி முறிந்திருந்தது. இளவயதினர், பெரிய அளவு வால்வு பெற்றோர், மைட்ரல் இடத்தில் பொருத்தப்பட்டோர் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி என்று தெரிந்தது. அதனால் யாருக்கு மறு அறுவை வேண்டும், யாரை அப்படியே விட்டுவிடலாம் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. ஒவ்வொருவரும் எண்ணப்பட்டதால்தான் பலர் காக்கப்பட்டனர்.

இன்னொன்றும் உண்டு. வால்வைச் சுற்றித் தைக்கும் துணியில் வெள்ளி பூசினால் கிருமி அணுகாது என்று எண்ணி ஒரு நிறுவனம் புதிய வகையை வெளியிட்டது. கேட்பதற்குப் பொருத்தமான எண்ணம்தான். ஆனால் வெள்ளி பூசியதையும் பூசாததையும் பெற்றவர்களைச் சமமாகப் பிரித்துப் பின்தொடர்ந்தபோது, பூசிய வால்வின் ஓரத்தில் கசிவு மிகுதியாக இருப்பது தெரிந்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த வால்வு திரும்பப் பெறப்பட்டது. நல்ல எண்ணம் நல்ல விளைவாகிவிடாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

நமக்கு அருகில், திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் முயற்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். இறக்குமதி வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்திய வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தனர். முதல் மூன்று வடிவங்கள் சோதனையில் தேறவில்லை. நான்காவது வடிவம், பத்தாண்டுத் துடிப்புக்கு நிகராகக் கோடிக்கணக்கான முறை இயந்திரத்தில் திறந்து மூடிச் சோதிக்கப்பட்டு, ஆடுகளிலும் சோதிக்கப்பட்ட பின்னரே, 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து முடிவை வெளியிட்டனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் தயாரிக்கும் இந்தச் "சித்ரா வால்வு" இன்று நம் நாட்டில் பெரும் எண்ணிக்கையினரின் நெஞ்சில் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த முதல் நோயாளிகள் தவறாமல் வந்து கணக்குக் கொடுத்ததும், பின்னால் வந்தவர்களுக்கு அவர்கள் செய்த ஒரு தர்மமே.

எந்த வால்வு நல்லது?

குடும்பத்தார் மருத்துவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1977 முதல் 1982 வரை 575 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இயந்திர வால்வும், மற்றதற்குப் பன்றித் திசு வால்வும் பொருத்தினர். இயந்திர வால்வு பியோர்க்-ஷைலியின் பழைய வடிவம். மேலே சொன்ன முறியும் வடிவம் அன்று. பதினைந்து ஆண்டு கழித்து வந்த முடிவு 2000-இல் வெளியானது. பெருந்தமனி வால்வு மாற்றியவர்களில், வால்வு தானே பழுதானது திசு வகையில் நூற்றுக்கு 23, இயந்திர வகையில் ஒன்றுமில்லை. இரத்தப்போக்கு நேர்ந்தது இயந்திர வகையில் நூற்றுக்கு 51, திசு வகையில் 30. இறந்தவர்கள் இயந்திர வகையில் நூற்றுக்கு 66, திசு வகையில் 79. மைட்ரல் வால்வு மாற்றியவர்களில் மரண விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே.

இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவர்கள் பலர் வயதானவர்கள், வேறு நோய்களும் உடையவர்கள், வால்வுகளும் அக்காலத்தவை. நாம் அறிய வேண்டியது, இரண்டு வகையிலும் ஒரு விலை இருக்கிறது என்பதே. ஒன்றில் இரத்தப்போக்கு, மற்றொன்றில் மறு அறுவை. ஆகவேதான் பொதுவாக ஐம்பது வயதுக்குக் கீழ் இயந்திர வால்வும், அறுபத்தைந்துக்கு மேல் திசு வால்வும் ஏற்றவை என்கின்றனர். ஒழுங்காக மாத்திரை உண்ணவும் பரிசோதனை செய்யவும் இயலுமா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பன்றித் திசு வால்வு ஆகுமா என்னும் ஐயம் நம் வீடுகளில் எழுவது இயல்பே. இயந்திர வால்வும், மாட்டின் இதய உறையால் ஆன வால்வும் இருப்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வேறு வழியில்லாத உயிர் நெருக்கடியில் மார்க்கம் தரும் சலுகையைப் பற்றி, தகுதி வாய்ந்த ஆலிம்களிடம் முன்கூட்டியே தெளிவு பெறுங்கள். அறுவை மேடைக்குப் போகும் நேரத்தில் விவாதம் செய்து நாளைக் கடத்துவது நோயாளிக்குச் செய்யும் நன்மையாகாது.

ஒரு சிறு மாத்திரை

இயந்திர வால்வுக்காரரின் வெற்றி தோல்வியை மிகுதியும் தீர்மானிப்பது வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்னும் சிறு மாத்திரைதான். 1994-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உறைவுத் தடுப்பு மருந்தே இல்லாதவர்களுக்கு நூறு நோயாளி-ஆண்டில் நான்கு முறை பெரிய இரத்தத் துணுக்கு அடைப்பு நேர்வதையும், வார்ஃபரின் உண்பவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றாகக் குறைவதையும் காட்டிற்று. நான்குக்கும் ஒன்றுக்கும் இடையே நிற்பது அம்மாத்திரை.

ஆனால் அது கூடினால் இரத்தப்போக்கு, குறைந்தால் உறைவு. சரியான அளவை ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை காட்டும். பெருந்தமனி வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை, மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரை என்பர். உங்களுக்குரிய எல்லையை உங்கள் மருத்துவரே சொல்வார். அந்த எண்ணை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

"புதிய மாத்திரை வந்திருக்கிறதாம், பரிசோதனையே வேண்டாமாம்" என்று யாரேனும் சொல்வர். டாபிகாட்ரன் என்னும் அத்தகைய மருந்தை இயந்திர வால்வுக்காரர்களிடம் சோதித்தபோது, பக்கவாதமும் இரத்தப்போக்கும் மிகுந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டனர். அதன் முடிவு 2013-இல் வெளியாயிற்று. வேறு நோய்க்கு நல்லதாக இருக்கும் மருந்து வால்வுக்கு நல்லதாக வேண்டியதில்லை.

கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே சீராக உண்டால் போதும். மூட்டுவலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கலாகாது. நாட்டு மருந்து, கருஞ்சீரகச் சூரணம் முதலியவற்றையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கலாகாது. ஹிஜாமா செய்துகொள்ள எண்ணுவோர், இரத்தம் எளிதில் நிற்காத நிலையில் தாம் இருப்பதை மறக்கலாகாது.

நோன்பு மாதத்தில் உணவும் உறக்கமும் மாறுகின்றன, அதனோடு ஐ.என்.ஆர். அளவும் மாறலாம். சிங்கப்பூரில் வார்ஃபரின் உண்ணும் முஸ்லிம்கள் 32 பேரைக் கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நோன்புக் காலத்தில் அவர்களின் சராசரி அளவு உயர்ந்ததும், உரிய எல்லைக்குள் இருந்த காலம் குறைந்ததும் காணப்பட்டன. நாளுக்கு ஒரு வேளை உண்ணும் மாத்திரையை நோன்பு திறந்த பின் எடுத்துக்கொள்ள இயலும். ஆயினும் நீர் இறக்கும் மாத்திரை உண்பவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும் நோன்பு ஏற்குமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவர் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வது ஈமானின் குறைவன்று.

மறைக்கப்படும் வால்வு

இனிச் சொல்வது பெண்ணைப் பெற்றோருக்கு. இளம்பெண்ணுக்கு வால்வு மாற்றியிருந்தால், அதை மறைத்து மணம் முடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமே என்று அவள் மாத்திரையை ஒளித்து உண்கிறாள்; பின்னர் நிறுத்தியே விடுகிறாள். வால்வு அடைபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போதுதான் உண்மை வெளியாகிறது. வேறொரு ஆபத்தும் உண்டு. வார்ஃபரின் கருவைச் சென்றடையும் மருந்து. கருவின் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வாரம் வரை ஊனத்தை உண்டாக்கக்கூடும். அதே வேளையில் மாற்று ஏற்பாடின்றி மாத்திரையை நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து. ஆகவே கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். மறைத்து வைத்த வீட்டில் இது எங்ஙனம் இயலும்? உண்மையைச் சொன்னால் ஒரு சம்பந்தம் தவறலாம். சொல்லாவிட்டால் ஓர் உயிர் தவறலாம். எது பெரிது என்று எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் இருக்க வேண்டிய கணக்கேடு

ஒவ்வொரு வால்வு நோயாளியின் வீட்டிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வால்வின் பெயர், அளவு, எண், பொருத்திய நாள் ஆகியவற்றை முதற்பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவமனை தந்த வால்வு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பயணத்திலும் உடன் இருக்கட்டும். ஐ.என்.ஆர். பார்த்த நாள், அளவு, மாத்திரையின் அளவு ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதி வாருங்கள். ருமாட்டிக் காய்ச்சலுக்குரிய பென்சிலின் ஊசி, வால்வு மாற்றிய பிறகும் தேவைப்படலாம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

பல்லைத் தூய்மையாக வையுங்கள். பல் பிடுங்கும் முன் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி உண்ணாமல், முதலில் இரத்தத்தில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்யும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீர் மூச்சிரைப்பு, வாய் கோணுதல், கைகால் செயலிழப்பு, கறுத்த மலம், வழக்கமாய்க் கேட்கும் வால்வின் ஓசை மங்குதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

இறுதியாக ஒன்று. மருத்துவமனையிலிருந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கடிதமோ தொலைபேசியோ வந்தால் விடை சொல்லுங்கள். சுகமாயிருந்தால் சுகம் என்று சொல்லுங்கள். நோயாளி மௌத்தாகிவிட்டிருந்தால், துக்கத்தின் நடுவிலும் எப்போது, எவ்வாறு என்பதைத் தெரிவியுங்கள். "போனவர் போய்விட்டார், இனி எதற்கு?" என்று எண்ணாதீர்கள். அந்த ஒரு வரி, நாளை யாரோ ஒருவருடைய பிள்ளைக்கு எந்த வால்வு, எவ்வளவு மருந்து என்று தீர்மானிக்கும் கணக்கில் போய்ச் சேரும். நமக்கு முன்னால் விடை சொன்னவர்களால்தான் நமக்கு இன்று நல்ல வால்வு கிடைத்திருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்க நம்மிடம் கேட்கப்படுவது ஓர் உண்மையான பதில் மட்டுமே.